அழுகையை நிறுத்திய ஆலோசகர்

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குள் அம்பலவாணர் நுழைந்தபோது, பிரதாப் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். மறுநாள் காலை அவனுக்குப் பல்கலைக்கழகத்தில் பரீட்சை. தவறினால் ஒரு வருடம் போய்விடும். இரண்டு வாரமாக ஆளைக் காணாததால், மாணவர் ஆலோசகரான அவரே பஸ் ஏறி வந்திருந்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இத்தனை வருடத்தில் இப்படியொரு அழுகை அவருக்குக் கிடைத்ததில்லை. போன மதிப்பீட்டுப் படிவத்தில் 'ஆலோசனையால் அடைந்த பலன்' என்ற இடத்தில் ஒருவன் 'தூக்கம்' என்று எழுதியிருந்தான்.

பையனை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினார். இழப்பும் வாழ்க்கையில் ஒரு பகுதி என்றார். அவன் பேச வாயெடுத்தபோதெல்லாம், "இப்ப கதைக்க வேண்டாம் தம்பி, மூச்சை விடும்" என்றார். கடைசியில் பிரதாப் முகம் தெளிந்து சிரித்தான். அம்பலவாணருக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

அப்போது கூத்து வாத்தியார் மூக்கன் வந்தார்.

"எங்க, அழு பாப்போம்."

"வரல மாமா."

அன்றிரவு காமன் கூத்து. எரிந்துபோன மன்மதனுக்காக ரதி அழ வேண்டும். ரதி வேசம் பிரதாப்புக்கு.

"பதினஞ்சு நாளா அழப் பழக்குனேங்க. ஒரு மணி நேரத்துல கெடுத்துட்டீங்களே."

அம்பலவாணர் பதறிப்போய், பரீட்சை போய்விடும் என்று பயமுறுத்தினார்.

"அதுவும் வாழ்க்கையில ஒரு பகுதிதாங்க சார்" என்றான் பிரதாப்.

தாய் பேச்சியம்மா வெங்காயத்தை அரிந்து நீட்டினாள். பையன் அதையும் ஆழமாக மூச்சிழுத்து விட்டான்.

பரீட்சைக்காவது கூட்டிப்போகிறேன் என்று அவர் பையைத் தூக்கியதும் பேச்சியம்மா வாசலை மறித்தாள். வேசம் ஏற்றவன் பாதியில் தோட்டம் தாண்டினால் குடும்பத்துக்கு ஆகாதாம். வேறொருவர் ரதியானால்தான் விடுவாளாம்.

நாலு மணிக் கடைசி பஸ்ஸுக்கு அரை மணிதான் இருந்தது. எப்படியாவது அவனை அழவைத்துத் தொலைத்துவிட்டுத் தான் மட்டுமாவது போகலாமென்று, அம்பலவாணர் போன வருடம் இறந்த மனைவி யோகராணியைப் பற்றிச் சொன்னார். இறந்த அன்று காலை தேங்காய் துருவிக்கொண்டே கறிவேப்பிலை வாங்கி வரச் சொன்னாளாம்.

"வாங்கிக்கொண்டு வந்தனான். ஆஸ்பத்திரியிலயும் அது என்ரை கையில இருந்தது. ஆரிட்டைக் குடுக்கிறதெண்டு..."

தலையில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். லயமே திரண்டுவிட்டது. பிரதாப் கண் கலங்காமல் அவர் முதுகைத் தடவி, "மூச்ச விடுங்க சார்" என்றான்.

மூக்கன் அவரை மேலும் கீழும் அளந்து பார்த்தார்.

"பேச்சியம்மா, பையன பஸ்ஸுக்கு அனுப்பு. அந்த ரதி சேலைய சாருக்குக் கட்டு."