முப்பது நாள் பேசிப் பழகியதில் நின்றுபோன கல்யாணம்

அல்வானி மருந்துக்கடை,
வெள்ளிக்கிழமை காலை.

பத்தூமியில் கடற்காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் உடன்பிறந்த தம்பி எலிஸ்பாருக்கு, உன் அண்ணன் இமேடா வாயால் சொல்லி எழுதுவது. உன் முழங்காலும், உன் மனைவியும், தொட்டியில் நீ வளர்க்கும் எலுமிச்சை மரமும் சுகமாக இருக்கட்டும் என்று கடவுளை வேண்டிக்கொள்கிறேன். பெரியவன் என்கிற முறைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். என் சுகத்தை நீ கேட்க மாட்டாய். கேட்கிறவனாக இருந்தால் ஒன்பது நாளாகப் போனை அணைத்து வைத்திருப்பாயா? அண்ணனுக்கு எழுத்து தெரியாது, கடிதம் வராது என்று கணக்குப் போட்டிருப்பாய். மருந்துக்கடை நாஸிப்ரோலாவுக்கு எழுத்து தெரியும். வேன் ஓட்டுகிற தாரியேல் இதை உன் கையில் கொடுத்துவிட்டு, நீ படித்து முடிக்கிறவரை உன் வாசலிலேயே நிற்பான். அவனுக்கு என் கட்டளை அது.

நம் பேத்தி மக்வலாவுக்கு நிச்சயம் செய்த அன்று நீ செய்த காரியத்தை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. மத்தியானம் மூன்று மணி, லேசான தூறல், மேசையில் கறி அடைத்த ஹின்காலிக் கொழுக்கட்டை இரண்டாவது தட்டு வந்திருந்தது, அதில் ஒன்று கிழிந்து சாறு வழிந்துகொண்டிருந்தது. நாற்பது வருஷமாக நம் குடும்பத்தின் எல்லா விருந்துக்கும் நீதான் தமதா. யார் எப்போது குடிக்கலாம், யாரை வாழ்த்திக் குடிக்கலாம் என்று எழுந்து நின்று பேசுகிற வேலை உன்னுடையது. அன்றைக்கு நீ கொம்புக் கிண்ணத்தைத் தூக்கி, "என் காலு போச்சுங்க. கல்யாணத்துக்கு எங்க அண்ணன் இமேடாதான் தமதா. அவரு வாய் தொறந்தா மலை எறங்கி வந்து கேக்கும்" என்று சொல்லி ஒரே மூச்சில் குடித்துவிட்டாய். நாற்பத்திரண்டு பேரும் குடித்தார்கள். குடித்த பிறகு சொன்ன சொல்லைத் திருப்பி வாங்க முடியுமா? முடியாது என்று தெரிந்துதான் குடித்தாய். காலுக்கும் வாய்க்கும் என்னடா சம்பந்தம்? தமதா என்ன ஓட்டப்பந்தயமா ஓடப்போகிறான்?

நான் எப்படிப்பட்ட பேச்சாளி என்று உன்னைவிடத் தெரிந்தவன் யார். அப்பாவின் நாற்பதாம் நாள் சாப்பாட்டில் மூத்த மகன் பேசணும் என்று எழுப்பிவிட்டார்கள். எழுந்து நின்றேன். நின்றேன், அவ்வளவுதான். பாதிரியார் இரண்டு தரம் கனைத்தார். ஆட்டுக்கறி ஆறிக் கொழுப்பு கட்டிப் போகிறவரை நின்றுவிட்டு உட்கார்ந்தேன். அறுபத்து மூன்று வருஷமாக அந்தக் கதையை நீ ஒவ்வொரு மேசையிலும் சொல்லிச் சொல்லித்தானே பேச்சாளி ஆனாய். அப்படிப்பட்டவனை, ஒரே பேத்தியின் கல்யாணத்தில், முந்நூறு பேருக்கு முன்னால் எழுந்து நில் என்கிறாய்.

உன்னிடம் போனில் கெஞ்சினபோது என்ன சொன்னாய்? "அண்ணே, பேச்சு வரம் கிடையாது, பழக்கம். முப்பது நாள் சத்தமா பேசு. மொதல்ல ஆட்டுக்கு முன்னாடி, அப்புறம் ஆளுக்கு முன்னாடி" என்றாய். கேட்டேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். முதல் நாளே மேய்ச்சலில் கல்மேல் ஏறி நின்று, சமாதானத்துக்கு ஒரு வாழ்த்து என்று குரலை உயர்த்தினேன். எழுபது வருஷமாக நான் ஆட்டைப் பார்த்துக் குரல் உயர்த்துவது ஒன்றுக்குத்தான், கிளம்பு என்பதற்கு. கிளம்பிவிட்டன. நான் சமாதானத்தைப் பற்றிப் பேசப் பேச, நூற்றுப் பத்து ஆடும் தாரியேலின் சோளத்துக்குள் இறங்கின. நிறுத்தினால் பயிற்சி கெடும் என்று நீ சொல்லியிருந்ததால் வாழ்த்தை முடித்துவிட்டுத்தான் ஓடினேன். அதற்குள் சோளம் முடிந்துவிட்டது. அந்தத் தாரியேல்தான் இப்போது உன் வாசலில் நிற்கிறான். அவனுக்குத் தண்ணீராவது கொடு.

அடுத்து உன் இரண்டாவது யோசனை, கன்னத்துக்கு ஒன்றாக வால்நட்டை அடக்கிக்கொண்டு பேசினால் நாக்கு சுத்தமாகும் என்றது. தாய்நாட்டு வாழ்த்தில் மேல்பல் செட்டு இரண்டாகப் போனது. நாஸிப்ரோலா, சிரிக்காமல் எழுது. பல் ஒட்டி வந்த பிறகு ஆளுக்கு முன்னால் பேசலாம் என்று உன் அண்ணி மாரோவை உட்காரவைத்து, இறந்தவர்களுக்கான வாழ்த்தைச் சொன்னேன். எனக்கு எல்லார் பேரும் ஞாபகம் இருப்பது என் குற்றமா? யாரை விடுவது? ஒவ்வொருவரும் எந்தப் பனியில், எந்த ஓடையில், எந்த மாசம் போனார்கள் என்று சொல்லி வந்தேன். மாரோ பின்னலை மடியில் வைத்துவிட்டு, "செத்தவங்கள நீ எண்ணி முடிக்கிறதுக்குள்ள பொண்ணும் மாப்பிள்ளையும் அந்த லிஸ்ட்ல வந்துருவாங்க. உன் தம்பி ரெண்டு வார்த்தையில முடிப்பான்" என்றாள். என் வீட்டில், என் பெண்டாட்டி, உன்னைப் புகழ்கிறாள்.

இனி வருவதுதான் நீ வைத்த தீ. தினமும் இருபது வாழ்த்துக்கு இருபது கிண்ணம் ஒயின் குடித்துப் பழகினால் கல்யாணத்துக்கு முன்னால் என் எழவுக்குத்தான் விருந்து என்று மாரோ நிலவறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கிண்ணம் இல்லாமல் பேச எனக்குக் கை வரவில்லை. மலைத் திருவிழாவுக்குக் கோயில் முற்றத்தில் காய்ச்சிய பீரில் ஒரு ஜாடி மிச்சம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் நின்றேன். இருபத்தாறாம் நாள் அது. சொன்னால் நம்ப மாட்டாய், நன்றாக வந்தது. நாக்கு எங்கும் இடறவில்லை. கிண்ணத்தைத் தலைக்குமேல் தூக்கி, "க்வாரெலியிலிருந்து வந்து எங்கள் பெண்ணைக் கொண்டுபோகிற வம்சம் வாழட்டும், ஒதாரின் வீடு தழைக்கட்டும்" என்று கணீரென்று சொல்லித் திரும்பினால், வேலிக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் பெரியப்பா அதே ஒதார் பழக்கூடையோடு நிற்கிறார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்தார். நுரையைப் பார்த்தார்.

மலைக்காரர்களான நமக்கு அது சாமிக்கு முன்னால் வைக்கிற பானம். கீழ்நாட்டில் இருக்கிற இவர்களுக்கு, பகையாளியை வாழ்த்துகிறபோது மட்டும்தான் பீர். மலையிலிருந்து இறங்கி இந்த மண்ணில் அறுபது வருஷம் இருந்தும் அந்த நிமிஷம் எனக்கு அது தோன்றவில்லை. "நல்லா இருக்கட்டும் சம்பந்தி" என்று மட்டும் சொன்னார். கூடையைக் கையோடு எடுத்துக்கொண்டே போய்விட்டார். சாயங்காலம் சேதி வந்தது, கல்யாணம் இல்லை என்று. உன்னைக் கூப்பிட்டேன். போன் அணைந்திருந்தது.

மக்வலா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. அந்தக் கிண்ணத்தைக் கழுவி ஜன்னலில் கவிழ்த்து வைத்தாள். இரண்டு நாள் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துக் கோழிக்குப் போட்டாள், தன் வாய்க்குப் போடவில்லை. மூன்றாம் நாள் நான் கம்பளி அங்கியை மாட்டிக்கொண்டு க்வாரெலிக்கு வேன் ஏறினேன். போகிற வழியெல்லாம் மன்னிப்புப் பேச்சை மனப்பாடம் செய்தேன். அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தால் மேசையைச் சுற்றிப் பதினோரு பேர். அத்தனையும் மறந்துபோயிற்று. அப்பாவின் நாற்பதாம் நாள் மாதிரியே நின்றேன்.

அப்போது ஒதார், "பேச வந்தீங்களா, இல்ல ஜாடி கொண்டாந்திருக்கீங்களா?" என்றார். எனக்கு வந்ததே கோபம். "ஒதார், உங்க அப்பா கீகோ எங்க ஆடுங்களுக்கு ஊசி போட மலைக்கு வந்தாரு. அக்டோபர் மாசம், செவ்வாக்கிழமை. கணவாயில பனி மூடிப்போச்சு. கையி ரெண்டும் நீலம் பாரிச்சு எங்க வீட்டு வாசல்ல விழுந்தாரு. ஒயின் இல்ல, மாவு இல்ல. பீர் இருந்துச்சு. எங்க அப்பா அதக் காய்ச்சி ஊத்துனாரு. ஏழு கிண்ணம். ஏழாவதக் கையில ஏந்திக்கிட்டு, இந்த வீடு வாழணும்னு உங்கப்பா அழுதாரு. அது வாழ்த்தா, சாபமா? நீங்களே சொல்லுங்க. சாபம்னா அந்த ஏழு கிண்ணத்தையும் திருப்பிக் குடுங்க. போறப்போ எங்க அப்பாவோட கம்பளித் தொப்பியப் போட்டுக்கிட்டுப் போனாரு, இன்னிக்கு வரைக்கும் வரல. அதையும் குடுங்க" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர்கள் வீட்டு வெண்ணெயில் உப்பு அதிகம் என்றுகூடச் சொன்னேனாம்.

ஒதாரின் அம்மா எழுந்தாள். தொண்ணூற்றிரண்டு வயது. பின்கட்டுக்குப் போய் ஒரு தொப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அதற்குள் நான்கு முட்டை. "முப்பது வருஷமா கோழி அடைகாக்குது இதுல. யாரு தொப்பின்னு அவரும் சொல்லித்தான் செத்தாரு, எனக்குத்தான் பேரு மறந்துபோச்சு" என்றாள். ஒதார் முதலில் முட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணம் அடுத்த ஞாயிறன்று உண்டு என்று பேசி முடித்தோம்.

இதோடு விட்டிருந்தால் உனக்கு இந்தக் கடிதம் வந்திருக்காது. வாசல்வரை வந்த ஒதார், "தமதா நீங்கதான் சம்பந்தி. வேற யாராவது எழுந்தா நாங்க கிண்ணத்தத் தொட மாட்டோம்" என்று கையில் அடித்துச் சொல்லிவிட்டார். எலிஸ்பார், அன்றைக்குப் பேசியது நான் இல்லை, என் கோபம். பேத்தி கல்யாணக் கிரீடம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது நான் யார் மேல் கோபப்படுவேன்? எழுந்து நிற்பேன். நின்றுகொண்டே இருப்பேன். கறி ஆறும். அவள் தலை குனிந்துவிடும். ஆகையால் நீ சனிக்கிழமைக்குள் வந்து, உன் வாயால் சொன்னதை உன் வாயாலேயே ஒதாரிடம் கேட்டுத் திருப்பி வாங்கி, அந்தக் கொம்பை நீ பிடிக்க வேண்டும். பிடிக்க மனமில்லாவிட்டால் என் வாசலை மிதிக்காதே. என் எழவுக்கும் வராதே, வந்து பேசாதே.

உன் முற்றம் நிறைந்திருக்கட்டும், உன் ஜாடிகள் வற்றாதிருக்கட்டும், உன் பிள்ளைகள் உன்னைப் போல் இல்லாதிருக்கட்டும்.

கோபத்துடன்,
உன் அண்ணன் இமேடா.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் நாஸிப்ரோலா பேனாவை வைத்துவிட்டு, "இமேடா தாத்தா, கொஞ்சம் திரும்பிப் பாருங்க" என்றாள். திரும்பினேன். மருந்து வாங்க வந்த பதினெட்டு பேர் கதவுவரை நிற்கிறார்கள். ஒருவரும் மருந்து வாங்கவில்லை, ஒருவரும் போகவும் இல்லை. இருமல்காரன்கூட இருமவில்லை. பின்னால் நின்ற மக்வலா, "தாத்தா, வெண்ணெய் விஷயத்த மட்டும் கல்யாணத்துல விட்டுரு" என்றாள். ஆகையால் மேலே சொன்னதை எல்லாம் அடித்துவிடு. கொம்பை நானே பிடிக்கிறேன், நீ அதைத் தொடாதே. ஆனால் கட்டாயம் வா. காலை நீட்டிக்கொள்ள வசதியாக, எனக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பேச்சு நிற்கும்போதெல்லாம் உன் முகம் தெரிய வேண்டும்.