காளிமுத்துவின் மகன் பந்தை எடுத்துச் செல்கிறார்

இறுதிப் போட்டியன்று பதுளை மைதானத்தில் மைக் மேசையருகே இருந்தவர்கள் நான்கே பேர்: மைக் செட் சொந்தக்காரனாகிய நான், கல்லூரி அதிபர், ஆட்டக்காரன் செல்வத்தின் அப்பா காளிமுத்து, அப்புறம் ஊரே 'கொமன்டரி' என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடும் வர்ணனையாளர். இப்போது பஸ் ஸ்டாண்டில் கதை அளக்கிற எவனும் அங்கே இல்லை. அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

உதைபந்தாட்டத்தை மரண அறிவித்தல் மாதிரி வாசித்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் கொமன்டரிதான். அவருடைய தொழிலே அது. யாராவது காலமானால், ஆட்டோவில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஹாலிஎல வரை போய் அறிவித்துவிட்டு வருவார். சும்மா கிடைக்கிறார் என்பதற்காகக் கல்லூரி அணியின் ஆட்டங்களுக்கு வர்ணனை செய்ய அவரைப் பிடித்தார்கள். பிடித்தது அவர்கள், மாட்டிக்கொண்டது நான்.

முதல் ஆட்டம். செல்வத்தின் காலுக்குப் பந்து வந்தது. வேறு யாராக இருந்தாலும் "செல்வம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இவர் ஆரம்பித்தார்: "ஹாலிஎல தேயிலைத் தோட்டம், மேல்பிரிவு, ஏழாம் லயத்தைச் சேர்ந்த காளிமுத்து, ராசம்மா தம்பதியினரின் அன்பு மகனும், சுமதி, விஜி ஆகியோரின் பாசமிகு சகோதரனுமாகிய செல்வம் அவர்கள்..." குரலில் அப்படி ஒரு துக்கம். அவர் "அவர்கள்" என்பதற்குள் பந்து மறுமுனைக்குப் போய், எங்கள் வலைக்குள் விழுந்தும் விட்டது.

அதோடு முடிந்ததா? சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்த செல்வத்தின் அத்தை, மார்பில் அடித்துக்கொண்டு மைதானத்துக்குள்ளேயே ஓடி வந்துவிட்டாள். "ஐயோ என் தங்கமே! நேத்துத்தானே வந்து சோறு தின்னுட்டுப் போனே!"

பந்தை உள்ளே எறிய நின்ற செல்வம் திரும்பிப் பார்த்தான். "அத்தே, நான் உசுரோடதான் இருக்கேன். தள்ளுங்க, த்ரோ எடுக்கணும்!"

பொலீஸ் வந்தால் முதலில் மைக் செட்டைத்தானே தூக்கிக்கொண்டு போகும்?

அதிபர் பாய்ந்து வந்தார். "பேர மட்டும் சொல்லுங்க. இது என்ன, செத்த வீடா?"

கொமன்டரி அசையவில்லை. "செத்தாத்தான் சேர் அப்பன் பேரு ஸ்பீக்கர்ல வரணுமா?"

பையன்கள் அதைவிட மோசம். பந்து கிடைத்தால், தன் குடும்பம் முழுவதையும் கொமன்டரி வாசித்து முடிக்கிறவரை எவனும் அதை விடமாட்டான். "ஏன்டா பாஸ் குடுக்கல?" என்று பயிற்சியாளர் கத்துவார். "இன்னும் அம்மா பேரு வரலையே சேர்!" இப்படி அடைகாத்ததில் எதிரணிக்குப் பந்தே கிடைக்கவில்லை, எங்கள் பையன்கள் அடுத்தடுத்து வென்றார்கள். இதை உதைபந்தாட்டம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இறுதிப் போட்டி. இடைவேளை முடிந்தும் ஆட்டம் சமநிலையில் இருந்தது. காளிமுத்து ஒரு துணிப்பையோடு மேசைக்கு வந்தார். "அண்ணே, செல்வத்த மைக்குல கூப்பிடுங்க. கொழும்புல கடை வேலைக்குப் பேசியிருக்கு. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

எட்டாம் வகுப்பில் நானும் அப்படித்தான் ஒரு பையோடு கொழும்புக்குப் போனவன்.

"பரீட்சைய முடிச்சிட்டுப் போகட்டுமே?" என்றார் அதிபர்.

"மொதலாளி இன்னைக்கே வரச் சொல்லிட்டாருங்க சேர். வீட்டு நெலம அப்படி."

கொமன்டரி மைக்கை எடுத்தார். கூப்பிட்டுத் தொலைக்கப் போகிறார் என்று நான் வயரில் கை வைத்தேன். அவரோ, "மழையிலும் பனியிலும் மலையேறி உழைத்து, தன் மகனைக் கடைசிப் பரீட்சை வரை படிக்க வைத்தே தீருவேன் என்று உறுதி பூண்டுள்ள காளிமுத்து அவர்கள் நம்மிடையே வருகை தந்துள்ளார்!" என்றார்.

பச்சைப் பொய்! மைதானமே எழுந்து கைதட்டியது. பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் காளிமுத்து கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மீதி ஆட்டம் முழுக்க நின்றது நான்.

முடிகிற நேரத்தில் செல்வம் அடித்தான். கோல்! ஊரே ஸ்பீக்கரைப் பார்க்கிறது. கொமன்டரியோ மைக்கைக் காளிமுத்துவிடம் நீட்டினார். முன்பின் மைக் பிடிக்காத மனிதரிடம், என்னை ஒரு வார்த்தை கேட்காமல்! காளிமுத்து அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எம் மகன்ங்க," என்றார். "எம் மகன்தாங்க." அவ்வளவுதான்.

கோப்பை எங்களுக்கு. கொழும்பு பஸ் போய்விட்டது. "மொதலாளி வேற ஆளப் பாத்துக்கட்டும்" என்று, பையை வீட்டுக்குத் தூக்கிப் போகச் சொல்லி மகனிடமே கொடுத்தார் காளிமுத்து.

ஆனால் வெற்றிப் படம் எடுக்கும்போது ஒரு பழைய மாணவர் கொமன்டரியை ஒதுங்கி நிற்கச் சொன்னார். சாவு சொல்கிறவர் கோப்பைக்குப் பக்கத்தில் நின்றால் சகுனம் சரியில்லையாம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் படக்காரரின் வெளிச்சத்துக்குப் போகும் கரண்டை நிறுத்திவிட்டேன்.

"விடு தம்பி," என்றார் கொமன்டரி. பாதிக்கு மேல் குரல் வரவில்லை. அன்றைய கத்தலில் தொண்டை கட்டியிருந்தது. கொத்தமல்லித் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் ஒவ்வொரு தடவை இருமும்போதும் எனக்கு ஒரே பயம்: இந்த மனிதருக்கு ஒன்று ஆகிவிட்டால், அதை ஊருக்கு யார் சொல்வது?