கருங்கல் வானொலியில் உன் மாமா பேசினார்

கள்ளக்குறிச்சி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தங்கை குஞ்சம்மாளுக்கு, அக்கா கொளஞ்சியம்மாள் எழுதிக்கொண்டது. நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகமாக இருக்க அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் நலம், மாடு நலம், உன் மாமாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய், அப்புறம் நான் உன்னைச் சமாதானம் செய்ய வேண்டும். அதனால் நிதானமாகப் படி.

உனக்கே தெரியும், மாமா முப்பது வருஷம் கரியாலூர் மலைக்கு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அன்றைக்கே பேச்சும் ஓய்வு பெற்றுவிட்டது. "சோறு", "தண்ணி", "உம்", நாளெல்லாம் இந்த மூன்றுதான். இஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து இடது காதும் மந்தம். பெங்களூரில் இருக்கும் நம் ராதிகா, அப்பா பாவம் என்று காதுக்குள் வைக்கிற மிஷின் ஒன்று வாங்கி அனுப்பினாள். போனில் வருகிற சத்தம் நேரே காதுக்குள் போகுமாம், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காதாம். வினையே அங்கேதான் ஆரம்பம்.

போன மாசம் ஒரு காலையில நான் வாசல் பெருக்கிகினு இருக்கேன், உன் மாமா நாற்காலியில உட்காந்து கண்ண மூடிகினு தலைய மேலயும் கீழயும் ஆட்டுறாரு. சும்மா இல்ல, கழுத்து கழண்டு விழுற மாதிரி. நான் போட்ட சத்தத்துல பக்கத்து வூட்டு பச்சையம்மா ஓடியாந்தா. "யக்கா, சாமி வந்திருக்குக்கா"ன்னு சொல்லி மஞ்சத் தண்ணிய மூஞ்சில தெளிச்சி, வேப்பிலைய கையில குடுத்து, "எம் மருமவளுக்கு ஆம்பளப் புள்ளையா சாமி?"ன்னு கேட்டா. அவருக்கு எங்க கேக்குது? தலைய ஆட்டினாரு. "பொம்பளப் புள்ளையா?" அதுக்கும் ஆட்டினாரு. ரெட்டப் புள்ளன்னு தெரு முழுக்கச் சொல்லிட்டா. அப்பறம் பாட்டு முடிஞ்சிது போல, கண்ணத் தொறந்து, "இன்னா, ஏன் நான் நனஞ்சிருக்கேன்?"ன்னாரு.

அந்த மிஷினுக்குள்ள இன்னாதான் இருக்குன்னு எனக்கு இருப்புக் கொள்ளல. அவர் குளிக்கப் போன நேரமாப் பாத்து எடுத்து எங்காதுல வச்சேன் குஞ்சம்மா. தகரக் கொட்டாய் மேல கல்மழை பேயிற மாதிரி ஒரு மோளம். தொண்டையில மீன் முள்ளு மாட்டினவன் கத்துற மாதிரி ஒரு குரல். கழட்டலாம்னு கைய வச்சேன், பாட்டு நின்னுச்சி. தமிழ்ல ஒரு பொண்ணு பேசுது. "கருங்கல் வானொலி, நான் எழில்மதி. நம்ம கள்ளக்குறிச்சி டிரைவர் அண்ணன் தங்கதுரை இன்னிக்கும் எழுதியிருக்காரு. இந்தப் பாட்டு, ஆளு நெறைய ஏத்திகினு மொத கியர்ல மலை ஏறுற வண்டி மாதிரியே இருக்காம்!" எங்கிட்ட மூணு வார்த்த, அந்தப் பொண்ணுக்கு தெனம் கடுதாசியா?

குளிச்சிட்டு வந்தவரப் புடிச்சிகினேன். அப்பறந்தான் சொன்னாரு. அது நெட்டுல மட்டும் வர்ற ரேடியோவாம், ராக்குன்னு சொல்ற இந்த மாதிரி பாட்டுதான் போடுவாங்களாம். வெளம்பரம் கெடையாது, கேக்குறவங்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நடத்துறாங்களாம், ஆடி மாசம் நம்ம தெருவுல கூழுக்கு வசூல் பண்ற மாதிரி. "கோயில் கூழுன்னா புரியுது, இந்தக் கூச்சலுக்கு யாருங்க குடுப்பாங்க?"ன்னேன். "கேக்குற எல்லாரும்தான்"ன்னாரு. பாத்தியா, மூணு வார்த்தையத் தாண்டிட்டாரு.

போன ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கி அவரையே பேசச் சொல்லிட்டாங்க. அவர் உள்ள பேசுறாரு, நானும் பச்சையம்மாவும் அவ போன்ல கேக்குறோம். ஒரு தபா கரியாலூர்லேர்ந்து எறங்கசொல்ல பிரேக்கு புடிக்கலியாம். அம்பத்திரெண்டு பேரு, ரெண்டு ஆடு, மேல பூரா பலாப்பழம். கீழ பள்ளம். இவர் கியர எறக்கி, வண்டிய மலைப்பக்கத்து மண்ணுல உரசிகினே வர்றாரு, கண்டக்டர் அன்புச்செல்வன் குதிச்சி சக்கரத்துக்குக் கல்லு வக்கிறாரு, நின்னுடுச்சி! பச்சையம்மா என் கையப் புடிச்சிகினு அழுவுறா. நான் அழல. இருவது வருசத்துக்கு முன்னால என் தாலிக்கு வந்த ஆபத்த, யாரோ ஒரு பொண்ணு கேட்டு நான் தெரிஞ்சிக்கிறேனேன்னு நெஞ்சு எரிஞ்சிது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"ன்னு கேட்டேன். "நீ கேக்கலியே"ன்னாரு. அது நெசந்தான் குஞ்சம்மா. சம்பளம் கேட்டிருக்கேன், டிபன் பாக்ஸு எங்கன்னு கேட்டிருக்கேன். வண்டி எப்பிடிப் போச்சின்னு ஒரு நாளும் கேட்டதில்ல. இப்ப விடாம கேக்குறேன், அவரும் சொல்றாரு.

நேத்து கோயில்ல பொங்க வச்சி, அம்பத்திரெண்டு பேருக்கும் சேத்து தேங்கா ஒடச்சேன். தெருக்காரங்க அவருக்கு மால போட்டாங்க. வர்ற வெள்ளிக்கெழம நீயும் வந்து ஒரு கும்புடு போட்டுட்டுப் போ.

உன் வீட்டில் பாலும் நெல்லும் குறையாமல் இருக்க வேண்டும், பிள்ளைகள் தலைவலி காய்ச்சல் இன்றி வளர வேண்டும். சின்னவளுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
உன் அக்கா
கொளஞ்சியம்மாள்

பின்குறிப்பு: உறைய ஒட்டப் போனேன், கண்டக்டர் அன்புச்செல்வன் வந்து நிக்கிறாரு. சக்கரத்துக்குக் கல்லு வச்ச புண்ணியவானேன்னு கும்புட்டேன். "எந்தக் கல்லுங்க? எந்தப் பிரேக்கு? அன்னிக்கி டீசல் தீந்துபோச்சி, வண்டி தானா நின்னுச்சி. எல்லாரும் எறங்கி பலாச்சொள தின்னோம்"ன்னாரு. மோர் குடுத்து, வெளிய மூச்சு வுடாதீங்கன்னு சொல்லி அனுப்பிட்டு, உன் மாமாவப் பாத்தேன். மோர் குடிச்ச சொம்ப எடுத்து உள்ள வச்சாரு. அப்பறம், "முப்பது வருசத்துல ஒண்ணுமே நடக்கல கொளஞ்சி. ஒரு ஆளுக்குக் கூட அடி படல. அத எப்பிடி ரேடியோல சொல்றது?"ன்னாரு. எனக்கு ஒடச்ச தேங்கா ஒண்ணு கூட வீண்னு தோணல. கடுதாசியக் கிழிக்கலாம்னு பாத்தேன், இவ்ளோ எழுதி கை வலிக்குது, அப்பிடியே அனுப்புறேன். உங்க தெருவுல படிச்சிக் காட்டினா, என் பேருக்கு மேல இருக்கிறத மட்டும் படி.