சென்னப்பன் அடித்த வெள்ளை

சுவர் நீலமாகிவிட்டது.

சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்தால் வெள்ளை பளிச்சென்று இருக்கும் என்பது சென்னப்பனுக்குத் தெரியும். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்பதுதான் தெரியாது. ஈரமாக இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. வெயில் ஏறிக் காய்ந்ததும், தெருவைப் பார்த்த முன்சுவர் முழுக்க யாரோ மைப்புட்டியைக் கவிழ்த்த மாதிரி ஆகிப்போனது.

"பெரியண்ணனக் கூப்புடுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றாள் மனைவி தீர்த்தம்மாள். "ஞாயித்துக்கெழம மாப்ள வூட்டுக்காரங்க வந்து இதப் பாத்தா என்ன நெனப்பாங்க?"

பெரியண்ணன் பாப்பிரெட்டிப்பட்டியில் வெள்ளையடிக்கிறவன். ஒரு நாள் கூலியும் இரண்டு வேளை டீயும் கேட்டிருந்தான்.

"சுண்ணாம்பத் தண்ணியில கரைச்சு சுவத்துல தடவறதுக்கு ஒரு ஆளு, அவனுக்கு ரெண்டு டீயா?" என்றார் சென்னப்பன்.

அவர் பத்திரம் எழுதுகிறவர். அடுத்தவருக்கு எழுதிக் கொடுத்துக் கூலி வாங்குவாரே தவிர, தன் வீட்டு வேலைக்கு அடுத்தவருக்குக் கூலி கொடுத்துப் பழக்கமில்லை. முடியைத் தானே இரண்டு கண்ணாடி வைத்து வெட்டிக்கொள்வார். இடது காதுப் பக்கம் எப்போதும் ஒரு விரற்கடை தூக்கலாக இருக்கும். சைக்கிள் பஞ்சரைத் தானே ஒட்டிவிட்டுத் தள்ளிக்கொண்டு போவார். இன்று காலைகூட, சுண்ணாம்புக் கல்லைப் பிளாஸ்டிக் பக்கெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றியதில், கல் கொதித்துப் பக்கெட் உருகி உட்கார்ந்துவிட்டது. பக்கெட் மட்டமான சரக்கு என்று சொல்லிவிட்டு மண்பானைக்கு மாறினார்.

ஆனாலும் உள்ளுக்குள் அவருக்கு உதறல்தான். மகள் மாதேஸ்வரிக்கு இருபத்திரண்டு முடிந்துவிட்டது. ஏற்கெனவே இரண்டு இடம் வந்து, பார்த்து, கேசரி சாப்பிட்டு, கடிதம் போடுகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். இது மூன்றாவது. இண்டூர்ப் பையன், அரசாங்க பஸ்ஸில் கண்டக்டர். இதுவும் நழுவிவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது என்று இரண்டு இரவாக அவருக்குச் சரியான தூக்கமில்லை.

"வெறும் சுண்ணாம்ப நல்லா கெட்டியா கரைச்சு இன்னொரு கை அடிச்சுட்டா நீலம் தெரியாதுப்பா" என்றாள் மாதேஸ்வரி, பானையைக் கிளறிக்கொண்டே. டைப் கிளாஸுக்கு மட்டம் போட்டுவிட்டு அப்பாவுக்கு ஒத்தாசையாக நின்றாள்.

கெட்டியாக அடித்தார். நீலம் மறைந்தது. வீடு பால் மாதிரி ஆனது. சென்னப்பன் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு, ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை தரகர் கோவிந்தன் வந்தார். நாளைக்குப் பத்து மணிக்கெல்லாம் ஏழு பேர் வருவார்கள் என்று சொல்லியபடி சுவரில் சாய்ந்தார். பேசி முடித்து நிமிர்ந்தபோது சட்டையின் முதுகோடு ஒரு முழம் சுவரும் வந்துவிட்டது.

"என்னங்க சென்னப்பன், கையில ஒட்டுது, சட்டையில ஒட்டுது, சுவத்துல மட்டும் ஒட்ட மாட்டேங்குது? நாளைக்கு மாப்ளயோட அப்பா சாஞ்சாருன்னா என்னாகறது?"

"சாய வேணாம்னு சொல்லிரலாங்க."

"சம்பந்தம் பேச வர்றவரப் பாத்து சுவத்துல சாயாதீங்கன்னு சொல்றதா?" என்று முதுகைத் தட்டிக்கொண்டே போனார் கோவிந்தன்.

"உப்பும் சோத்துக் கஞ்சியும் கலந்து அடிச்சா ஒட்டிக்கிட்டு நிக்குமாம்ப்பா. டைப் கிளாஸ்ல சொன்னாங்க" என்றாள் மாதேஸ்வரி.

சென்னப்பனுக்குப் பெருமையாக இருந்தது. கூலிக்காரன் ரகசியத்தை வீட்டிலிருந்தபடியே கண்டுபிடித்தாயிற்று. ஒரு படி கல்லுப்பும் ஒரு குண்டான் கஞ்சியும் சுண்ணாம்பில் கலந்தார். மத்தியானத்துக்குள் மூன்றாவது தடவையாக முன்சுவர் முழுக்க அடித்து முடித்தார். காய்ந்ததும் கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். ஒரு துளி ஒட்டவில்லை. நிம்மதியாகப் படுத்துத் தூங்கினார்.

எழுந்து வெளியே வந்தால், பக்கத்து வீட்டு ரஹமத் பீவியின் ஆடுகள் நான்கும் வரிசையாக நின்று சுவரை நக்கிக்கொண்டிருந்தன. ஆட்டின் நாக்கு எட்டிய உயரம் வரைக்கும் மண்சுவர் பல்லை இளித்தது.

"உங்க ஆடு என் சுவத்தத் தின்னுட்டுதுங்க பீவி" என்று கத்தினார்.

ரஹமத் பீவி நிதானமாக வந்து ஆடுகளைப் பார்த்தாள். "சுவத்துல உப்பு கஞ்சி ஊத்தி வெச்சா எந்த ஆடுண்ணே சும்மா போகும்? என் ஆட்டுக்கு வயித்தால போச்சுன்னா நீங்கதான் பொறுப்பு."

சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது. கடைக்குப் போக அவருக்கு மனமில்லை. மாதேஸ்வரி உள்ளே போய், கோலத்துக்கு வைத்திருந்த காவிப் பொட்டலத்தை எடுத்து வந்தாள். "அடியில மட்டும் காவி அடிச்சு மறைச்சுரலாம்ப்பா. பானையில வழிச்சா கொஞ்சம் வெள்ள வரும். ஒண்ணு மாத்தி ஒண்ணு அடிச்சா கச்சிதமா இருக்கும்."

இந்தத் தடவை சென்னப்பன் கவனமாகவே இருந்தார். பத்திரத்துக்குக் கோடு போடும் அடிக்கட்டையை வைத்து அளந்து, ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை என்று சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் பட்டை இழுத்தார். மிஞ்சியிருந்த கஞ்சியையும் வீணாக்காமல் காவியில் ஊற்றினார்.

மாவு மில்லுக்குப் போய்விட்டுத் திரும்பிய தீர்த்தம்மாள் தெருவிலேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க, என்ன வேல பண்ணி வெச்சிருக்கீங்க? கல்யாணம் முடிவான வூட்டுக்கில்ல பட்ட அடிப்பாங்க?"

சென்னப்பன் அப்போதுதான் யோசித்தார். அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். நிச்சயம் முடிந்து நாள் குறித்த பிறகுதான் வீட்டுச் சுவரில் சிவப்பும் வெள்ளையும் ஏறும். அவசரமாகத் துணியை நனைத்து அழித்துப் பார்த்தார். கஞ்சி இந்த முறை நன்றாகவே வேலை செய்திருந்தது, பட்டை அசையவில்லை.

அதற்குள் ரஹமத் பீவி ஒரு டம்ளர் நிறையச் சர்க்கரையோடு வந்துவிட்டாள். "எங்கிட்டக்கூடச் சொல்லலியேண்ணே. என்னைக்குக் கல்யாணம்?"

"இல்லீங்க பீவி, நாளைக்குத்தான் பாக்கவே வர்றாங்க."

"பாக்க வர்றதுக்கே பட்டையா? இருக்கட்டும், இருக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

பொழுது சாய்வதற்குள் தெருவே வந்து கேட்டுவிட்டது. சென்னப்பன் ஒவ்வொருவரிடமும் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, ஊர் வேறு மாதிரிப் புரிந்துகொண்டது. பத்திரிகை அடிக்கிற செலவுக்குப் பயந்துகொண்டு மனிதர் கமுக்கமாகக் கல்யாணத்தை முடிக்கப் பார்க்கிறார் என்று டீக்கடையில் பேச்சு. அவரை அறிந்த எவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு, தரகர் கோவிந்தன் மட்டும் தனியாக வந்தார்.

"எல்லாரும் எங்கீங்க?" என்றார் சென்னப்பன்.

"அடுத்த பஸ்ஸப் புடிச்சுத் திரும்பிப் போயிட்டாங்க. ஸ்டாண்டுல எறங்கி, பத்திரம் எழுதற சென்னப்பன் வூடு எதுன்னு கேட்டிருக்காங்க. டீக்கடக்காரன், 'கல்யாண வூடுதானே, பட்ட அடிச்சிருக்கும், நேராப் போங்க'ன்னுட்டான். வேற எடத்துல முடிவு பண்ணிட்டு எங்களுக்கு எதுக்குடா சொல்லி உட்டேன்னு மாப்ளயோட அப்பா என் சட்டயப் புடிச்சுட்டாரு. இனி உங்க வூட்டுப் பக்கம் நான் வர மாட்டேனுங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தீர்த்தம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். சென்னப்பன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். வாழ்நாளில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒன்றுசேர்ந்து வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மாதேஸ்வரி அவருக்கு ஒரு தட்டில் கேசரி கொண்டுவந்து வைத்தாள்.

"ஒரு நாள் கூலிய மிச்சம் புடிக்கறேன்னு உன் வாழ்க்கயிலயே மண்ண அள்ளிப் போட்டுட்டேன் ஆத்தா" என்றார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இனிமே இந்தக் கையால ஒரு ஆணிகூட அடிக்க மாட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. சாப்புடுங்க" என்றாள் அவள், கண் கலங்காமல். பெற்ற மனம் நோகக் கூடாதென்று தன் துக்கத்தை எப்படி மறைக்கிறாள் பார் என்று அவருக்கு இன்னும் அழுகை வந்தது.

அப்போது பெரியண்ணன் சைக்கிளில் வெள்ளையடிக்கிற மட்டையும் வாளியும் தொங்க அந்த வழியாக வந்தான். சென்னப்பன் எழுந்து ஓடி, ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டார்.

"பெரியண்ணா, நீ கேக்கற கூலியத் தர்றேன். ரெண்டு இல்ல, நாலு டீ வாங்கித் தர்றேன். நாளைக்கு வந்து இந்தப் பட்டைய அழிச்சுட்டு ஒழுங்கா வெள்ளையடிச்சுக் குடுத்துரு."

பெரியண்ணன் சுவரை மேலும் கீழும் பார்த்தான். "நாளைக்கு முடியாதுங்களே. பொம்மிடியில ஒரு கல்யாண வூட்டுக்குப் பட்ட அடிக்கணும்."

"அப்படி எந்தக் கல்யாண வூடு, ஒரு நாள் தள்ளிப் போட முடியாத வூடு?"

"உங்க மாப்ள வூடுதானுங்க. 'எங்க வூட்டுக்கு எங்கப்பாவே அடிச்சுருவாரு, நீங்க அங்க மட்டும் வந்தாப் போதும்'னு உங்க பாப்பா போன வாரமே வந்து சொல்லிட்டுப் போச்சுங்களே."