கோவிந்தசாமி தோப்புக்கு ஒரு ஜோடிச் சக்கரம்

"இது என்னாங்க மேஸ்திரி?" என்றாள் காயத்ரி.

வண்டியிலிருந்து இறக்கி வைத்த இரண்டு இரும்புச் சக்கரங்களும் அவள் இடுப்பு உயரத்துக்கு நின்றன. சுற்றிலும் காய்ந்த செம்மண், முந்திரி மரங்கள், முழங்கால் அளவுக்குப் புல்.

"கேஜ் வீலும்மா. நீதானே போன்ல கேட்ட?" என்றார் மரிய ஜோசப்.

"இது சேத்துல ஓட்டுறதாச்சே! நெல்லு வயலுக்கு டயரோட சேத்து மாட்டுவாங்க. முந்திரித் தோப்புல எங்கங்க சேறு? நான் கேட்டது புல்லு வெட்டுற மிஷினுக்குப் பின்னாடி மாட்டுற சின்னச் சக்கரம். அது இல்லாம பிளேடு தரையில எறங்கி மண்ண வாருது. சக்கரம் இருந்தா ஒரே ஒசரத்துல நின்னு வெட்டும். அதுக்கும் கேஜ் வீல்னுதான் புக்குல போட்டிருக்கு."

"ரெண்டும் காதுல ஒண்ணாத்தானம்மா வுழுது."

வேறு யாருக்காவது என்றால் எந்த வயல், என்ன பயிர் என்று முப்பது வருஷ வெல்டரான ஜோசப் முதலிலேயே கேட்டிருப்பார். ஆனால் அவர் போனை எடுத்ததும் அந்தப் பெண் சொன்ன முதல் வாக்கியம், "மங்கலம்பேட்டை கோவிந்தசாமி தோப்புலேருந்து பேசறேங்க" என்பது. அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் அவர் காதில் சரியாக ஏறவில்லை.

கோவிந்தசாமியும் அவரும் 'மச்சான்' என்று கூப்பிட்டுக்கொண்ட சிநேகிதர்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் கோவிந்தசாமியின் மனைவி மாரியம்மாளைக் கடலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். முதுநகரில் இருக்கும் ஜோசப்பின் பட்டறையிலிருந்து கால்மணி நேரத் தூரம். "மச்சான், கையும் ஓடல காலும் ஓடல. செத்த வந்து பக்கத்துல ஒக்காரேன்" என்று கோவிந்தசாமி போன் செய்தார். ஜோசப் கையில் ஒரு படகு வேலை இருந்தது. "இதோ வர்றேன் மச்சான்" என்றார். மறுபடி போன் வந்தது. மறுபடி "இதோ" என்றார். வேலையை முடித்துவிட்டுப் போனபோது கட்டில் காலியாக இருந்தது. உடலை ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

சாவுக்குப் போக முகமில்லை. காரியத்துக்குப் போகலாம் என்று நினைத்தார். அதற்கும் முகமில்லை. அப்படியே எட்டு வருஷம் ஓடிவிட்டது.

"மாமா இருக்காராம்மா?" என்று தயங்கிக் கேட்டார். மருமகளாகத்தான் இருக்க வேண்டும். பையனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது, தனக்குப் பத்திரிகை வரவில்லை. எப்படி வரும்?

"உள்ளதான் இருக்காரு. ஆனா வெளிய வரமாட்டாரு."

வரமாட்டாரு. தோப்பு வீட்டு ஜன்னலுக்குள் டிவி சத்தமும் ஓர் இருமலும் கேட்டன. இருமல்கூடக் கோபமாகக் கேட்டது.

"சரிம்மா. சரியான சக்கரத்தோட அடுத்த வாரம் வர்றேன்."

வீட்டில் இன்னாசிமேரி கணவனைப் பார்த்தாள். "நேரா உள்ள போயி ரெண்டு வார்த்த பேசிட்டு வர்றதுக்கு என்னா? அதுக்கு எதுக்குய்யா இம்மாம் இரும்பு?"

"மொதல்ல வேலைய நல்லபடியா முடிக்கிறேன். அப்புறம் பேசறேன்."

"அன்னைக்கும் இதத்தான சொன்ன?"

ஜோசப் வெல்டிங் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

கெட்டி ரப்பர் சக்கரத்துக்காகச் சிதம்பரம் வரை போய்ப் பழைய சாமான் கடைகளில் அலைந்து ஒரு ஜோடி வாங்கினார். பேரிங் புதிது. அசையவே கூடாது என்று மிஷினோடு சேர்த்து இறுக்கி மாட்டினார். காயத்ரி குட்டி டிராக்டரில் ஏறி ஓட்டினாள். நேராகப் போகும்வரை பிரமாதம். வரிசை முடிந்து திரும்பியபோது சக்கரங்கள் திரும்பவில்லை. இரண்டும் பக்கவாட்டில் இழுபட்டு, மண்ணை உழுது, சொட்டுநீர்க் குழாயையும் சுருட்டிக்கொண்டு வந்தன. தோப்பின் நடுவே நீரூற்று மாதிரி தண்ணீர் பீய்ச்சியது.

"மேஸ்திரி! கேட்வால்வ மூடுங்க!"

நனைந்த சட்டையோடு ஜோசப் ஜன்னலைப் பார்த்தார். உள்ளே இருமல்.

"மாமா ஏதாச்சும் சொன்னாராம்மா?"

"தண்ணி ஏன் வரலைன்னு கேட்டாரு."

அடுத்த முறை, தள்ளுவண்டிச் சக்கரம் போலத் தானே சுழலும் கவட்டை செய்துகொண்டு வந்தார். திருப்பத்தில் அழகாகத் திரும்பியது. ஜோசப்பின் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. அந்த நேரம் பார்த்து காயத்ரி டிராக்டரைப் பின்னால் எடுத்தாள். சக்கரங்கள் அரைவட்டம் அடித்து உள்பக்கம் புகுந்தன. டமார் என்று மிஷினின் மூடித் தகடு நசுங்கியது. தகடு பிளேடில் உரசியது. ரப்பர், கொத்திய கறி மாதிரி தோப்பெங்கும் பறந்தது.

"காசு வேணாம்மா. தகட்டையும் நானே மாத்தித் தர்றேன்" என்றார்.

"நான் காசப் பத்தியே பேசலீங்களே."

"மாமாகிட்ட மட்டும் சொல்லு. ஜோசப் மன்னிப்பு கேட்டான்னு சொல்லு."

காயத்ரி உள்ளே போய்விட்டு வந்தாள். "பரவால்லன்னாரு. எதுக்குன்னும் கேட்டாரு."

எதுக்கு! அன்று முழுக்க ஜோசப்பைக் குத்திக்கொண்டிருந்தது அந்த 'எதுக்கு'. எட்டு வருஷத்துக் கோபத்தை ஒருவன் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

மூன்றாவது முறை சக்கரம் சுழல இடம் வேண்டும் என்று அதைத் தாங்கும் இரும்புக் கைகளை நீளமாக்கினார். லேசான பைப் போதும்தான். ஆனால் எட்டு வருஷப் பாவத்துக்கு லேசான பைப்பா? விரல் தடிமன் தகட்டில் செய்தார். தூக்கி மாட்டவே பக்கத்துத் தோப்பிலிருந்து நாலு பேர் வந்தார்கள். காயத்ரி மிஷினைத் தூக்கும் லிவரை இழுத்தாள். மிஷின் தரையை விட்டு எழவில்லை. டிராக்டரின் முன்சக்கரங்கள்தான் எழுந்தன. பிஸ்கட்டுக்கு எழுந்து நிற்கும் நாய் போல வண்டி முன்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"மேஸ்திரி! எனக்கு வானந்தான் தெரியுது!"

"லிவர வுடு! அய்யோ, மெதுவா வுடு!"

அவள் மெதுவாக விடவில்லை. வண்டி தொப்பென்று இறங்கியதில் முன் விளக்கு கழன்று விழுந்து உருண்டு அவர் காலடியில் வந்து நின்றது.

அன்று திரும்பும்போது மங்கலம்பேட்டை கடைத்தெருவில் வண்டியை ஓரம் கட்டி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். யாருக்கும் அவர் செய்த வேலை இப்படிக் கெட்டுப்போனதில்லை. கை நடுங்கினால் வெல்டிங் நடுங்கும் என்று அவருக்குத் தெரியும். மனசு நடுங்கினாலும் அப்படித்தானோ என்று தோன்றியது.

அடுத்த வாரம் லேசான பைப்பில், அளவான நீளத்தில், உயரத்தைக் கூட்டிக் குறைக்க வரிசையாகத் துளை போட்டு இரும்புப் 'பின்' சொருகி, புதுச் சக்கரம் மாட்டிக்கொண்டு வந்தார். காயத்ரி ஓட்டினாள், திரும்பினாள், பின்னால் எடுத்தாள், தூக்கி இறக்கினாள். எதுவும் உடையவில்லை. தோப்பு முழுக்கப் புல் பாய் விரித்த மாதிரி ஒரே மட்டமாக இருந்தது.

"சூப்பரா இருக்கு மேஸ்திரி!"

இனிமேல் சாக்கு எதுவும் மிச்சமில்லை. ஜோசப் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் போனார். உள்ளே பார்க்கத் தைரியமில்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மச்சான், என் மூஞ்சியப் பாக்க ஒனக்குப் புடிக்காது. தெரியும். அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீ தனியா ஒக்காந்திருந்தப்ப நான் ஒரு படகுக்கு ஓட்டை அடச்சிட்டு இருந்தேன். அந்தப் படகு ரெண்டு நாளு காத்திருக்கும் மச்சான். மாரியம்மா காத்திருக்கல. நான் வந்திருந்தா அது பொழச்சிருக்காது. ஆனா நீ தனியா இருந்திருக்க மாட்ட. நேர்ல வந்து சொல்ல வக்கில்லாம இவ்ளோ வருசம் ஓட்டிட்டேன். என்னை நாலு வார்த்த திட்டிடு. போதும்."

டிவி நின்றது. டக், டக் என்று எதையோ ஊன்றும் சத்தம் வாசலை நோக்கி வந்தது. ஜோசப் நிமிர்ந்தார்.

நாலுகால் ஊன்றுகோலைப் பிடித்தபடி, முட்டியில் கட்டுடன், முன்பின் பார்த்திராத ஒரு பெரியவர் நின்றிருந்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"ரொம்ப வருத்தமாப் போச்சு தம்பி. மாரியம்மாங்கறது யாரு?"

காயத்ரி ஓடி வந்தாள். "மேஸ்திரி, இவருதான் எங்க மாமனாரு தில்லைநாதன். முட்டி ஆபரேஷன், அதான் வெளிய வர்றதில்ல. நீங்க யாருன்னு நெனச்சீங்க?"

"கோவிந்தசாமி..."

"அவரு தோப்ப எங்களுக்கு வித்துட்டு சிதம்பரத்துல மவன் வூட்டுக்குப் போயி ரெண்டு வருசம் ஆவுதுங்க. ஊர்ல இன்னும் கோவிந்தசாமி தோப்புன்னுதான் சொல்றாங்க. நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிட்டோம்."

ஜோசப் மெல்லப் படியில் உட்கார்ந்தார். "அப்ப என் நம்பரு ஒங்களுக்கு எப்படிம்மா கெடச்சிது?"

"நான்தான் அவருகிட்டக் கேட்டு வாங்கினேன் தம்பி" என்றார் தில்லைநாதன். "'கடலூர்ல ஜோசப்புன்னு ஒருத்தன் இருக்கான், அவன் வேலையில ஒரு குத்தம் சொல்ல முடியாது, ஆனா கூப்ட்டா வருவானான்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க'ன்னாரு."