கால் ஏக்கருக்கு ஒரு ஜீரோ டர்ன்

மனித குலம் நெருப்பையும் சக்கரத்தையும் எதற்காகக் கண்டுபிடித்தது என்பது, எங்கள் ஓஹையோ குடியிருப்புக்கு ஜீரோ டர்ன் வந்த பிறகுதான் விளங்கியது. ஏறி உட்கார்ந்து புல் வெட்டும் வண்டி அது. ஸ்டீயரிங் கிடையாது, இரண்டு நெம்புகோல்கள்தான். ஒன்றை முன்னே தள்ளி மற்றதைப் பின்னே இழுத்தால் நின்ற இடத்திலேயே சுழலும். வீட்டு உரிமையாளர் சங்கச் செயலாளரான நானே இன்னும் தள்ளுவண்டியோடு நடந்துகொண்டிருப்பது சங்கத்தின் மாண்புக்கு இழுக்கு என்றான் பக்கத்து வீட்டு ராட்னி. "பொதுநலன்" கருதி இணங்கினேன்.

முதலில் கடைக்குப் போனோம்.

"எவ்ளோ புல்லு சார் உங்களுக்கு?" என்றார் கடைக்காரர்.

"கால் ஏக்கர். அதுல வீடும் இருக்கு."

"அப்போ இந்தச் சின்னதே அதிகம் சார்."

ராட்னியின் முகம் சுருங்கியது. "இவரு யாருன்னு நெனச்சீங்க? செயலாளர்! அறுபது இஞ்ச் அகலத்துக்கு வெட்டுறத காட்டுங்க."

"அது எங்க வீட்டு வேலிக் கதவுல நுழையாதேப்பா."

"கதவப் பேத்துப் போடு, கிளென். கதவுக்காகவா வண்டி வாங்குற?"

வாதம் வலுவானது. ஆனாலும் அவசரப்படவில்லை. வசந்தம் முழுக்கச் சனிக்கிழமைதோறும் ராட்னியின் கராஜில், கையில் பீருடன் "ஆய்வுக் கூட்டம்" கூடியது. இருக்கைக்குக் கைதாங்கி வேண்டுமா என்பதில் மட்டும் இரண்டு கூட்டங்கள் போயின. கோப்பை வைக்கும் குழி வலப்பக்கமா இடப்பக்கமா என்பதில் சங்கம் கிட்டத்தட்ட உடைந்தது.

அப்படி ஒரு கூட்டத்தின் நடுவே எதிர்வீட்டு ஓப்பல், சுக்கினிக்காய் கேக்கோடு வந்து நின்றார். பனிக்காலத்தில் அவர் கணவர் வெர்னனுக்குப் பக்கவாதம். இன்னும் மருத்துவமனையில்தான் இருக்கிறார். ஓப்பலுக்கு முழங்கால் மடங்காது. அவர் வீட்டுப் புல் அளவுமீறி வளர்ந்ததற்காகச் சங்கம் அனுப்பிய அபராத நோட்டீஸில் கையெழுத்து போட்டவன் நான். அழகான கையெழுத்து.

"இந்த வருஷம் மழைக்குக் கொறச்சலே இல்ல," என்றார் ஓப்பல். "புல்லு பாட்டுக்கு வளருது."

"ஆமாமா," என்றோம்.

"தள்ளிப் பாத்தேன். பாதியிலயே உக்காந்துட்டேன்." சிரித்தார். "இன்னொரு நோட்டீஸ் வந்தா அபராதம் கட்ட முடியாது, வீட்ட வித்துட்டு தங்கச்சிகிட்ட போகவேண்டியதுதான். வெர்னன் வரப்போ அவரு வீடு இருக்கணுமேன்னுதான் பாக்குறேன்."

எங்கள் ஊரில் உதவி கேட்பது அநாகரிகம். "ஏதாவது வேணும்னா தயங்காம சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு நகர்வதுதான் நாகரிகம். மருத்துவமனை வாசலில் நாங்கள் அத்தனை பேரும் அதைத் தவறாமல் சொல்லியிருந்தோம். ஓப்பலும் நாகரிகமானவர், கேட்கவில்லை. கேக்கை நீட்டியபடி நின்றார்.

எனக்கு மனம் உருகிவிட்டது. "ஓப்பல், உங்க கஷ்டம் புரியுது. நீங்க ஒரு ஜீரோ டர்ன் வாங்கிடுங்க."

"நாப்பத்திரண்டு இஞ்ச் போதும் அவங்களுக்கு," என்றான் ராட்னி. கராஜே தலையாட்டியது.

"யோசிக்கிறேன்ப்பா," என்றார் ஓப்பல். கேக் அருமையாக இருந்தது.

அறுபது இஞ்ச் வந்தது. வேலிக் கதவு போனது. நான் சாலையோரம் வரை வெட்டி, அப்படியே சுழன்று திரும்புவதை எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஓப்பல் பார்ப்பார். கையசைப்பேன், அவரும் அசைப்பார். சங்கம் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. இரண்டாவது நோட்டீஸிலும் நானே கையெழுத்திட்டேன்.

கோடை முடிவதற்குள் ஓப்பல் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். வாசலில் "விற்பனைக்கு" பலகை நட்டார்கள். அப்போதுதான் எங்களுக்கு நெஞ்சு பதறியது. புதர் மண்டிய வீடு அடிமாட்டு விலைக்குப் போனால் எங்கள் வீடுகளுக்கு என்ன மதிப்பு? சங்கம் அவசரமாகக் கூடி, ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. மறுநாள் காலை, தெருவிலிருந்த ஜீரோ டர்ன்கள் அத்தனையும் ஓப்பல் வீட்டில் இறங்கின.

முடித்துவிட்டு வந்தபோது, நான் கிளம்பும் முன் மனைவி ஜானிஸ் எனக்காக ஊற்றிவைத்திருந்த காபி இன்னும் சுட்டது. அவள் அந்த வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவ்ளோதானா வேலை, கிளென்?"

"இவ்ளோதான்," என்றேன் பெருமையோடு. "வண்டி அப்படி!"