கங்காரு கலைத்த ராக் குழு

கங்காருவைப் போல அவசரக்காரன் கலிபோர்னியாவிலேயே வேறு யாரும் இருந்திருக்க முடியாது. மைக்ரோவேவில் சாம்பாரை வைத்துவிட்டு, அது சுடுவதற்குள் மூன்று மாடி இறங்கி, தபால் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்துவிடுவான்.

இணைய நிறுவனங்கள் வரிசையாக மூடிய டாட்காம் சரிவில் வேலை போய் என் அறைத்தோழன் சென்னைக்குத் திரும்பியபோது, சான் ஹோசேயில் அந்த அறைக்குக் குடிவந்தவன் இவன். பூர்வீகம் திருநெல்வேலி, வளர்ந்தது ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன்; அதனால் நான் வைத்த பட்டப்பெயர்தான் கங்காரு. அங்கிருந்து நான்கு பேராக வந்திருந்த ராக் குழுவில் பேஸ் கிதார் வாசித்தான். மற்ற மூவரும் வெள்ளைக்காரர்கள்.

எங்கள் கார் ஷெட்டில்தான் ஒத்திகை. முதல் நாளே மேல்வீட்டு ஆன்ட்டி இறங்கி வந்தார். திட்டப்போகிறார் என்று நான் முன்னால் போய் நின்றேன்.

"வேகமா வாசிக்கறது யாருப்பா? என் ட்ரெட்மில்லுக்குக் கரெக்டா இருக்கு. டெய்லி ஆறு மணிக்கு வாசிங்க."

முதல் கச்சேரிக்கு ஒன்பது பேர் வந்தார்கள். அதில் ஐந்து பேர் நான் ஆபீஸிலிருந்து இழுத்துப்போனவர்கள். பிறகு ஒரு கல்லூரி வானொலி அவர்கள் பாட்டைப் போட்டது. ஆறே மாதத்தில் வாசலில் வரிசை நின்றது. குழு வளர வளர கங்காருவின் வேகமும் வளர்ந்தது.

"மெதுவா வாசின்னு சொல்லுதான்ணே பாடகன். மெதுவா வாசிச்சா எனக்குக் காலு தரையில நிக்க மாட்டேங்கு" என்று என்னிடம் அலுத்துக்கொண்டான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், பூங்காவில் இசை விழா. இசைத்தட்டு நிறுவனத்து ஆள் ஒருவர் இவர்களைக் கேட்கவே வந்திருந்தார். நாற்பது நிமிட நிகழ்ச்சி. கங்காரு எடுத்த ஓட்டத்தை டிரம்ஸ்காரி துரத்தினாள். பாடகன் மூச்சு வாங்கி, பாதி வரிகளை விழுங்கினான். இருபத்தாறு நிமிடத்தில் எல்லாப் பாட்டும் தீர்ந்துவிட்டது. நடுவில் எலுமிச்சை ஜூஸ் வாங்கப் போன நிறுவனத்து ஆள் திரும்பி வந்தபோது மேடை காலி. கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

வேனுக்குப் பக்கத்தில் பாடகன் கத்தவில்லை. "நாலு வருஷமா நீ எங்களோட வாசிக்கவே இல்லை. எங்களை விட்டுட்டு எங்கேயோ ஓடிக்கிட்டிருக்கே" என்றான் ஆங்கிலத்தில். கங்காரு வேனை இரண்டு சுற்று சுற்றி வந்தான். அன்றோடு குழு கலைந்தது. அந்த வாரமே மூவரும் ஊர் திரும்பினார்கள்.

இரண்டு வாரம் கழித்து அவனையும் விமான நிலையத்தில் விடப் போனேன். ஃப்ரீவேயில் நெரிசல்; கார் நகரவில்லை.

"ஏன்டா அப்படி ஓடினே?"

சீட் பெல்ட்டைக் கழற்றி மறுபடி மாட்டினான். "மெதுவா வாசிச்சா, நான் விடுத தப்பு எல்லாருக்கும் கேட்டுருமோன்னு பயம்ணே."

முன்னால் நின்ற கார் நகர்ந்தது; நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். எனக்கு ராக் இசை அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. ஆனால் அவன் வாசித்த ஒரு கச்சேரியையும் நான் தவறவிட்டதில்லை. அதை அன்றைக்குக் காரில் அவனிடம் சொல்லியிருக்கலாம்.